புரட்டாசிச் சனியும் ஆட்டுக்கால் பீன்ஸும்: டர்பன் உணவகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிறு உணவகங்களின் சமையலறைகளுக்குப் பயிற்சி தருவது என் தொழில். கீழே உள்ளது 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு புரட்டாசி வரை நான் தொடர்ந்து பார்த்த ஒரு விவகாரம். உரிமையாளரும் அந்தக் குடும்பமும் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றையும் விட்டுவிட்டேன்.

சூழல்

உணவகம் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு சிறிய கடைவளாகத்தின் மூலையில் இருக்கிறது. முன்னால் குடும்பங்கள் உட்காரும் கூடம், பக்கத்தில் பார்சல் சன்னல், பின்னால் பார். பாரில் பெரிய தொலைக்காட்சிகளும் ஒரு பூல் மேசையும். கூடத்துக்கும் பாருக்கும் நடுவில் ஒரு மடக்குக் கதவு உண்டு, அதை யாரும் மூடிப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை இரவு கணவன் பாரில் பந்தாட்டம் பார்ப்பார், மனைவியும் பிள்ளைகளும் கூடத்தில் ரோட்டியும் கோழிக்கறியும் சாப்பிடுவார்கள். பில் ஒன்றாகத்தான் வரும். அப்படிப்பட்ட கடை.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சுற்றியுள்ள தெருக்காரர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலோடு ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நட்டாலில் இறங்கத் தொடங்கியவர்களின் வழிவந்தவர்கள். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் 1960களில் பழைய குடியிருப்புகளிலிருந்து கிளப்பப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட குடும்பங்கள். ஒரே தெருவில் அறுபது வருடமாக அதே வீடுகள் இருக்கிற ஊரில் ஒரு உணவகத்தின் பெயர் கெட விளம்பரம் தேவையில்லை. கோயில் பந்தலில் இரண்டு பேர் பேசினால் போதும்.

உரிமையாளர் தமிழ்க் குடும்பத்தவர், கடையில் மாட்டிறைச்சி கிடையாது. பட்டியலில் கால் ரொட்டி, அரை ரொட்டி அளவில் மட்டன் பன்னி, பீன்ஸ் பன்னி, கோழிக்கறி, பருப்பு, ரோட்டி, சமூசா, சிப்ஸ். பன்னி என்றால் ரொட்டியின் உள்சதையைக் குடைந்து எடுத்துவிட்டு அதற்குள் குழம்பு ஊற்றித் தருவது. குடிக்க வருகிறவர்களுக்கென்று ஆட்டுக்கால் பீன்ஸ். சுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பீன்ஸ் விதையைக் குழைய வேகவைத்து, ஆட்டுக்காலோடு சேர்த்து, மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு இறக்கிய குழம்பு அது. பார்ப்பதற்குச் சைவ பீன்ஸ் கறிக்கும் இதற்கும் நிறத்தில் பெரிய வித்தியாசமில்லை. நடந்ததற்கெல்லாம் அடியில் இருந்தது இந்த ஒற்றுமைதான்.

தலைமைச் சமையல்காரர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். பரிமாறுகிற பெண்களில் மூவர் பக்கத்து ஊரான உம்லாசியிலிருந்து வருகிறவர்கள், சூலு பேசுபவர்கள். பார் மேலாளர் உரிமையாளரின் உறவினர். நெருக்கடி நாள்களில் கண்ணாடிக் குவளைகளைச் சேகரிக்க ஒரு பையன் வருவான், அன்றன்று கூலி.

புரட்டாசியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இங்கே தமிழ்க் குடும்பங்களில் வாரா வாரம் குடிக்கிறவர்கள்கூட இந்த மாதம் முழுக்க இறைச்சியையும் மதுவையும் தொடமாட்டார்கள். சனிக்கிழமை பெருமாளுக்குப் படைத்து வாழையிலையில் சாப்பாடு. மாதம் முடிந்த அடுத்த நாள் கசாப்புக் கடையில் நிற்க இடமிருக்காது. பாரின் வருமானம் புரட்டாசியில் இறங்கும் என்பது உரிமையாளருக்குத் தெரியும். அதை ஈடுகட்ட விரதக்காரர்களுக்காக பீன்ஸ் பன்னி, பருப்பு ரோட்டி, பூசணிக்காய்க் கறி என்று தனித்தாள் அச்சடித்து மேசைகளில் வைத்திருந்தார். தாளில் ‘சைவம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

மூன்று கூட்டம் ஒரே மாலையில்

2022இல் செப்டம்பர் 24 சனிக்கிழமை. அது பாரம்பரிய தினம், பொது விடுமுறை, நாடு முழுக்க பிராய், அதாவது வெளியில் அனலில் இறைச்சி சுடுகிற அடுப்பு, மூட்டுகிற நாள். அதே நாள் புரட்டாசிச் சனி. அதே மாலை டர்பன் கிங்ஸ் பார்க் மைதானத்தில் தென்னாப்பிரிக்க அணியான ஸ்பிரிங்பாக்ஸுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ரக்பி ஆட்டம். ஐந்து மணிக்குக் கொஞ்சம் பிறகு தொடங்கியது. மைதானத்துக்குச் சீட்டு கிடைக்காதவர்களெல்லாம் பக்கத்து பாரில்.

உரிமையாளர் மூன்றையும் வரவேற்றார். பின்முற்றத்தில் ஆட்டு நெஞ்செலும்பும் கோழி சாசேஜும் அனலில். பாரில் ஆட்டுக்கால் பீன்ஸும் பீரும் சேர்த்து ஒரு சலுகை விலை. கூடத்தில் விரதத் தாள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் எதிலும் தப்பு சொல்ல முடியாது. அவற்றுக்கெல்லாம் சமையலறை ஒன்றே ஒன்று என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் பாதி ஆட்டம் ஓடும்போது ஒரு குடும்பம் வந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு ஆயா, அவருடைய மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மகன் அந்த பாரின் நெடுநாள் வாடிக்கையாளர். பேரனுக்கு வேலைப் பயிற்சியில் இடம் கிடைத்த சந்தோஷம். மருமகள் காலையிலேயே வீட்டில் படையல் சமைத்து அலுத்திருந்தார், மாலையில் வெளியே சாப்பிடலாம் என்று மகன் அழைத்து வந்தார். ஐந்து பேரும் விரதம்.

ஆயா உட்கார்ந்ததும் பரிமாறுகிற பெண்ணிடம் கேட்டது: இதில் இறைச்சி இல்லையே? அந்தப் பெண் தாளைக் காட்டினாள். ஆயா மறுபடி கேட்டார். அவள் தானாகப் பதில் சொல்லாமல் சமையலறைச் சன்னலுக்குப் போய்க் கேட்டாள். “பீன்ஸில் இறைச்சி இல்லை” என்று உள்ளிருந்து பதில் வந்தது. பானையைப் பொறுத்தவரை அது உண்மை.

மூன்று பீன்ஸ் பன்னி, இரண்டு பருப்பு ரோட்டி, ஒரு தட்டு சிப்ஸ்.

மேசையில் நடந்தது

இடைவேளையில் பாரிலிருந்து ஆட்டுக்கால் பீன்ஸ் கேட்டு ஒரே நேரத்தில் குவிந்தது. பார்சல் சன்னலிலும் வரிசை. சமையல்காரர் அடுப்பில் இருந்தார். குவளை சேகரிக்கிற பையனை மேலாளர் உள்ளே அனுப்பி ‘ஊற்றிக் கொடு’ என்றார். அவன் முன்பின் உணவு பரிமாறியவன் இல்லை.

பத்து நிமிடம் கழித்து ஆயா வாயிலிருந்து எதையோ எடுத்துக் காகிதக் கைக்குட்டையில் வைத்தார். புளியங்கொட்டை அளவு ஒரு சிறு எலும்பு, ஒருபுறம் வழவழப்பாக, மறுபுறம் குருத்தோடு. மருமகள் பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டாள். அவளுக்கு அது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஆனால் சொல்ல அவளுக்கு அதிகாரமில்லை, மேலாளரை அழைத்து வந்தாள்.

மேலாளர் கைக்குட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, “இஞ்சித் துண்டாக இருக்கும், ஆயா” என்றார்.

அந்த மாலையில் மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. ஐம்பது வருடம் ஆட்டுக்கால் சமைத்த ஒரு அம்மாளிடம், அவர் கையில் இருக்கிற எலும்பை இஞ்சி என்று சொன்னார்.

அடுத்து உரிமையாளர் வந்தார். மன்னிப்புக் கேட்டார். முழு பில்லும் தள்ளுபடி என்றார். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், எல்லோருக்கும் புதிதாகப் பனீர் கறி, மகனுக்கு பாரில் ஒரு சுற்று கடை செலவில் என்று சொல்லிக்கொண்டே போனார். எண்ணத்தில் குறையில்லை, உணவகக்காரருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். ஆனால் விரதம் கெட்டதோ என்று கலங்கி உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் இன்னும் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பதும், விரத மாதத்தில் அவர் மகனுக்கு மது வாங்கித் தருகிறேன் என்று அவர் காதுபட சொல்வதும் எப்படி இருந்திருக்கும்? மகன் எழுந்து நின்று சத்தம் போட்டார். பக்கத்து மேசையில் இருந்த இன்னொரு விரதக் குடும்பம் தட்டைத் தள்ளி வைத்தது.

ஆயா சத்தம் போடவில்லை. சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கைக்குட்டையைப் பார்த்தார்.

“ஆட்டுக்கால் எலும்புதாம்மா. கரண்டி மாறிப் போயிருக்கு.”

“பருப்புலயும் அந்தக் கரண்டி போச்சா தம்பி? சின்னது பருப்புதான் சாப்ட்டுச்சு.”

“தெரியலம்மா. பாத்துச் சொல்றேன்.”

அவ்வளவுதான் உரையாடல். ஆயா எழுந்தார். பில்லை முழுதாகக் கட்டச் சொல்லி மகனிடம் சொன்னார். உரிமையாளர் வேண்டாம் என்று மறுத்தும் பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆட்டம் 38-21 என்று தென்னாப்பிரிக்கா ஜெயித்து பார் முழக்கத்தில் இருந்தபோது கூடத்தில் பாதி மேசைகள் காலி. பரிமாறிய பெண்ணுக்கு அன்று இரவு டிப்ஸ் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.19 ரேண்ட். டிப்ஸ் இல்லாத சனிக்கிழமை என்றால் அவள் வீட்டில் அது தெரியும்.

ஞாயிறன்று எடுத்து, செவ்வாயன்று விட்ட முடிவுகள்

ஞாயிற்றுக்கிழமை உரிமையாளர் இரண்டு முடிவு செய்தார். குவளைப் பையனை இனி கூப்பிடுவதில்லை. பக்கத்து மேசைக்காரர் கட்டாமல் போன பில்லை, பரிமாறிய பெண்ணின் சம்பளத்தில் பிடிப்பது.

செவ்வாய்க்கிழமை என்னை அழைத்தபோது முதலில் பேசியது இதைத்தான். சம்பளப் பிடித்தத்தில் சட்டம் தெளிவானது. 1997ஆம் ஆண்டின் அடிப்படைப் பணி நிலைமைகள் சட்டம், 34ஆம் பிரிவு. நஷ்டத்துக்காகப் பிடிக்க வேண்டுமானால் தவறு ஊழியருடையதாக இருக்க வேண்டும், அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், எழுத்தில் ஒப்புதல் வேண்டும், மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. முதல் நிபந்தனையே இங்கே நிறைவேறவில்லை. சந்தேகம் வந்தபோது தானாகப் பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கேட்ட ஒரே ஆள் அவள். உரிமையாளர் கொஞ்சம் முனகிவிட்டு விட்டுக்கொடுத்தார்.

பையன் விஷயத்தில் சட்டத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. அன்று என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அவனை அனுப்பிவிட்டால் யாரிடம் கேட்பது என்று மட்டும் கேட்டேன். சமையல்காரர் ஆயாவுக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருந்தார்.

பையனைக் கூப்பிட்டு, திட்டு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அன்று செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னோம். காட்டினான். ஆட்டுக்கால் பானையும் பீன்ஸ் பானையும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டுக்கும் ஒரே கரண்டி. பருப்புக்கு? பருப்புப் பானையில் அன்று கரண்டியே இல்லை, முந்தின நாள் கைப்பிடி உடைந்திருந்தது. தொங்கிக்கொண்டிருந்த எவர்சில்வர் குவளையை எடுத்துப் பருப்பை மொண்டிருக்கிறான். குழம்புக் கரண்டி அதில் இறங்கவே இல்லை.

சமையலறையில் பார்த்தவை

அன்று மதியமும் மாலையும் உள்ளே நின்று பார்த்தேன். உணவைச் சூடாக வைக்கிற வெந்நீர்த் தொட்டியில், எல்லோரும் பேன் மரீ என்று சொல்வதில், ஆறு குழிகள். வழக்கமாகச் சைவம் இடது கோடியில், ஆட்டுக்கால் வலது கோடியில். சனிக்கிழமை ஆட்டுக்கால் இரண்டு பானை சமைத்ததால், இரண்டாவது பானைக்கு இடமில்லாமல் பீன்ஸுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரே நிறத்தில் இரண்டு குழம்பு, நடுவில் கையகலத் தகரம்.

கரண்டியை மட்டும் குறை சொல்லி முடித்திருக்கலாம். பன்னி கட்டுகிற இடத்தைப் பார்த்த பிறகு அது முடியவில்லை. கால் ரொட்டியை நிறுத்தி, உள்சதையைக் கத்தியால் சுற்றி அறுத்து, ஒரே இழுப்பில் பிடுங்குவார்கள். குழிந்த ரொட்டியில் குழம்பை ஊற்றுவார்கள். அது விளிம்பில் வழிந்து பலகையில் ஓடும். பிடுங்கிய சதையை அந்தப் பலகையிலேயே ஒதுக்கி வைத்து, கடைசியில் மேலே மூடியாகச் சொருகுவார்கள். நான் பார்த்தபோது பலகையில் நான்கு ரொட்டி: மட்டன், மட்டன், பீன்ஸ், கோழி. நான்கு மூடிகளும் ஒரே குவியலில், மட்டன் சாறு ஓடிய பலகையின் மேல். பீன்ஸ் பன்னிக்குப் போன மூடி எந்த ரொட்டியிலிருந்து வந்தது என்று கட்டியவருக்கே தெரியாது. எலும்பு வராவிட்டாலும் அந்த மேசைக்குப் போன மூன்று பன்னியும் சைவமாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இதை உரிமையாளரிடம் சொன்னபோது அவர் பலகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக அவர் அப்படித்தான் பன்னி கட்டியிருக்கிறார்.

அடுத்தது எண்ணெய். சிப்ஸ், சமூசா, கோழி இறக்கை மூன்றும் ஒரே பொரிப்புத் தொட்டியில். ஆக ‘சைவம்’ என்று தாளில் போட்டிருந்த சிப்ஸ் விரதத்துக்கு ஒருநாளும் ஆகாது.

சுகாதார ஏற்பாடுகளில் பெரிய குறையில்லை. 2018இன் ஆர் 638 விதிகளின்படி நகராட்சி தருகிற தகுதிச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது, சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருந்தது. ஒரு உணவு வயிற்றைக் கெடுக்காது என்பதற்கு அந்தச் சான்றிதழ் போதும். விரதக்காரர் கேட்கிற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அதே சமயம், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்பவர் பொய்யான தோற்றம் தரக்கூடாது என்கிறது. ‘சைவம்’ என்று அச்சடித்துவிட்டு இறைச்சி பொரித்த எண்ணெயில் போட்டுத் தருவது அதற்குள் வரக்கூடும் என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவர் அன்று மாலையே தாள்களை எடுத்துவிட்டார்.

எடுத்த முடிவுகள்

புரட்டாசி முடிய மூன்று வாரம் இருந்தது. கூடத்துப் பக்கம் சும்மா கிடந்த ஒரு சிறிய சூட்டுப் பெட்டிக்குச் சைவப் பானைகளை மாற்றினோம். பச்சை நாடா சுற்றிய கரண்டிகள், அவற்றுக்குத் தனிக் கொக்கி. பீன்ஸ் பன்னிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி, மூடி அந்தந்த ரொட்டியின் மேலேயே உட்கார வேண்டும். இதற்கெல்லாம் செலவு அதிகமில்லை.

எண்ணெயில் இழுபறி. இரண்டாவது பொரிப்புத் தொட்டி வாங்கச் சொன்னேன். பாரில் வருமானம் இறங்கிய மாதத்தில் முடியாது என்றார் உரிமையாளர், அது நியாயமான பதில். அப்படியானால் விரதக்காரருக்குச் சிப்ஸ் விற்கக்கூடாது என்று முடிவாயிற்று. கேட்டால் ‘எண்ணெய் ஒன்றுதான்’ என்று சொல்லிவிட வேண்டும். விற்பனை போனால் போகட்டும்.

ஆட்டுக்கால் பீன்ஸை மீதி சனிக்கிழமைகளில் நிறுத்துவதை மேலாளர் கடுமையாக எதிர்த்தார். பார் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இந்துக்கள் அல்ல, எல்லா இந்துக்களும் விரதமும் அல்ல, அவர்களை ஏன் தண்டிக்க வேண்டும் என்று கேட்டார். எனக்கும் அது தேவைதானா என்று சந்தேகம் இருந்தது, பானைகளைப் பிரித்த பிறகு ஆபத்து பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. உரிமையாளர்தான் நிறுத்தியே ஆக வேண்டும் என்றார். காரணம் சமையலறையில் இல்லை. கோயிலில் நாலு பேர் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும் அவருக்கு.

விரதம் என்று ஒருவர் சொன்னால் பரிமாறுகிறவர் ‘ஆம், இல்லை’ சொல்லாமல் சமையல்காரரை மேசைக்கு அழைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தோம். நெருக்கடி நேரத்தில் இது நடக்குமா என்று எல்லோரும் சிரித்தார்கள். நடந்தது, ஏனென்றால் அப்படிக் கேட்கிறவர்கள் ஒரு மாலைக்கு நாலைந்து மேசைதான்.

வீட்டுக்குப் போனது

அந்த வாரம் வியாழக்கிழமை உரிமையாளர் தன் தாயை அழைத்துக்கொண்டு ஆயாவின் வீட்டுக்குப் போனார். பழக்கூடை, பரிசுச் சீட்டு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்று அவருடைய தாய் சண்டை போட்டு, கடைசியில் வெற்றிலை பாக்கும் பூவும் மட்டும் எடுத்துப் போனார்கள். அந்த அம்மாள் செய்ததுதான் சரி.

உரிமையாளர் நடந்ததை அப்படியே சொன்னார். எலும்பு எங்கிருந்து வந்தது, பலகை எப்படி இருந்தது, சிப்ஸ் எண்ணெய் எது. பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்று முந்தின நாள் என்னைக் கேட்டிருந்தார். அவர்கள் கேட்காததையும் சொல்லி இன்னும் வருத்தப்பட வைப்பானேன் என்பது அவர் வாதம். முடிவை அவரிடமே விட்டேன், அவர் சொல்லிவிட்டார்.

ஆயா கேட்டது ஒன்றுதான், பருப்பைப் பற்றி. பருப்புப் பானையில் அந்தக் கரண்டி இறங்கவில்லை, பையன் குவளையால் மொண்டான் என்று உரிமையாளரால் திட்டமாகச் சொல்ல முடிந்தது. பேத்திக்கு அது முதல் முழு விரதமாம். அது கெடவில்லை என்று தெரிந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பி, தேநீர் வந்தது. தன் விரதத்துக்கு ஆயா என்ன செய்தார் என்பது அவர் விஷயம். கோயிலில் கேட்டுக்கொண்டு தொடர்ந்து இருந்தார் என்று மகன் மூலம் பிறகு தெரிந்தது.

‘இஞ்சி’ என்று சொன்னவர் ஏன் வரவில்லை என்றும் மருமகள் கேட்டிருக்கிறார். அதற்கு உரிமையாளரிடம் பதில் இல்லை.

மீதி மாதமும் அடுத்த ஆண்டும்

அடுத்த இரண்டு சனிக்கிழமை கூடம் வெறிச்சோடியது. சில விரதக் குடும்பங்கள் இதே சாட்ஸ்வொர்த்தில் 1985இல் திறந்த ஹரே கிருஷ்ணா கோயிலின் சைவ உணவகத்துக்குப் போய்விட்டன. அங்கே கலப்பு பயம் கிடையாது. அவற்றில் சில திரும்பவே இல்லை. பாரில் ஆட்டுக்கால் கிடைக்காத கோபத்தில் ஒருவர், இது பாரா கோயிலா என்று கேட்டார். சிப்ஸ் இல்லை என்று கேட்டுப் பிள்ளைகள் அழுத மேசைகளும் உண்டு. ஆனால் ‘எண்ணெய் ஒன்றுதான்’ என்று பதில் கேட்டவர்களில் எழுந்து போனவர்கள் குறைவு. ரோட்டி வாங்கிக்கொண்டார்கள். சிலர், இவ்வளவு நாள் இங்கே சிப்ஸ் சாப்பிட்டோமே என்று முகம் சுளித்தார்கள். அதுவும் நியாயம்தான்.

விரதம் முடிந்ததும் ஆட்டுக்கால் பீன்ஸ் திரும்பி வந்தது. தீபாவளிக்கு, அந்த ஆண்டு அக்டோபர் 24, கூடம் பழையபடி நிறைந்தது. மகன் பாருக்கு வரத் தொடங்கினார், தனியாக.

2023இல் செப்டம்பர் 24 ஞாயிறு, ஆகவே மறுநாள் திங்களும் விடுமுறை. பிராயை உரிமையாளர் திங்களுக்குத் தள்ளினார், புகையும் கூடத்துப் பக்கம் வராதபடி அடுப்பைப் பின்மதில் ஓரம் வைத்தார். ஆனால் முந்தின சனிக்கிழமை, 23ஆம் தேதி, ரக்பி உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவும் அயர்லாந்தும். நம் நேரத்துக்கு ஆட்டம் இரவு ஒன்பது மணிக்கு. விரதக் குடும்பங்கள் ஏழரை எட்டுக்குள் சாப்பிட்டுப் போய்விடுவார்கள், பாரின் கூட்டம் அதற்குப் பிறகு ஏறும். ஒரே சமையலறை இரண்டு கூட்டத்தையும் இடிக்காமல் பார்த்தது. இதில் திட்டம் பாதி, ஆட்ட நேரம் தந்த அதிர்ஷ்டம் பாதி. ஆட்டம் 13-8 என்று அயர்லாந்து பக்கம் போனது வேறு கதை.

அந்த மாலை ஆயா வந்திருந்தார். தானே சூட்டுப் பெட்டிவரை நடந்துபோய்ப் பச்சை நாடா கரண்டியைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்று சமையல்காரர் சொன்னார். சாப்பிட்டது பருப்பு ரோட்டி. பீன்ஸ் கேட்கவில்லை.

இன்னும் நிற்பவை

மறுபடி செய்வதானால் ஆட்டுக்காலை நிறுத்துவதற்குப் பதிலாக பார்ப் பக்கமே ஒரு சின்ன அடுப்பில் வைத்திருப்பேன். குடிக்க வருகிறவர்களையும் இழக்கத் தேவையிருந்திருக்காது. ‘சைவம்’ என்று அச்சடித்த தாளை மாதம் தொடங்கும் முன்பே சமையல்காரர் படித்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதை எழுதியவர் அச்சகத்துக்குப் போகும் வழியில் எழுதியிருக்கிறார்.

அன்றாடக் கூலிக்கு வருகிறவர்களைச் சமையலறைக்குள் விடுவதானால் பானைகளைக் காட்டிவிட்டு விட வேண்டும் என்ற விதி எழுத்தில் இருக்கிறது. நெருக்கடியில் இன்னும் மீறப்படுகிறது. அந்தப் பையன் இப்போது குவளை சேகரிப்பதில்லை, பன்னி கட்டுகிறான்.

மேலாளர் அந்த வாக்கியத்துக்காக ஆயாவிடம் நேரில் எதுவும் சொல்லவில்லை. தான் நல்லெண்ணத்தில் சொன்னதாகவே நினைக்கிறார், உரிமையாளரும் உறவை நினைத்து வற்புறுத்தவில்லை. அவரைக் கூடத்துப் பக்கம் வரவேண்டாம், புகார் வந்தால் சமையல்காரரே போகட்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இது பிரச்சினையைச் சுற்றிப் போகிற ஏற்பாடு என்று நான் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது பொரிப்புத் தொட்டி 2023 புரட்டாசி வரை வரவில்லை. பணம்கூட இப்போது தடையில்லை. புகையுறிஞ்சியின் கீழே இன்னொரு தொட்டிக்கு இடமில்லை, அதை நீட்ட வேண்டுமானால் வளாக உரிமையாளரின் சம்மதம் வேண்டும், அவர் வாடகையை உயர்த்திக் கேட்கிறார். அந்த ஆண்டும் விரதக்காரர் சிப்ஸ் கேட்டபோது பதில் அதேதான்: எண்ணெய் ஒன்றுதான்.